கரிசலும் கடற்கரையும்: முத்துக்குளித்துறை ஊர்களுக்குச் செல்லும் உள்நாட்டு வழிகள்

ஆய்வுச் சுருக்கம்

வேம்பார் முதல் மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறை, வெயிலும் மணற்கரையும் பழம்பெரும் ஊர்களும் ஒருங்கே அமைந்த நிலப்பகுதியாகும். இங்கு வரும் பயணிக்குக் கொற்கை, காயல், தூத்துக்குடி, மணப்பாடு ஆகியவை கடலை மட்டுமே நோக்கி நிற்கும் ஊர்களாகக் காட்டப்படுகின்றன. இவ்வூர்களின் எழுச்சிக்கும் தளர்ச்சிக்கும் கடலைப் போலவே உள்நாடும் காரணமாக இருந்தது என்பதையும், அவ்வுள்நாட்டில் கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைக் கொண்ட கரிசல் வட்டாரத்திற்குத் தனியிடம் உண்டு என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. உப்பு வழி, பருத்தி வழி, புலமை வழி என்னும் மூன்று தொடர்புகள் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, கரிசல், கொற்கை, காயல், தூத்துக்குடி, உமணர், பருத்தி, திணை, வட்டார இலக்கியம்.

முன்னுரை

1986 அக்டோபர் 20ஆம் நாள் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தில் கடற்கரையும் கரிசலும் ஒரே ஆட்சி எல்லைக்குள் வந்தன. கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவே உள்ளது. ஆயினும் இவ்விரு நிலங்களையும் பற்றிய எழுத்துகள் தனித்தனியே வளர்ந்துள்ளன. கடற்கரையைப் பற்றி எழுதுவோர் முத்து, தேவாலயம், துறைமுகம் என்னும் வரிசையில் எழுதுகின்றனர். கரிசலைப் பற்றி எழுதுவோர் மழையின்மை, மானாவாரி வேளாண்மை, தீப்பெட்டித் தொழில் என்னும் வரிசையில் எழுதுகின்றனர். சுற்றுலாக் கையேடுகளில் கரிசல் பெரும்பாலும் கடற்கரைக்குச் செல்லும் வழியில் கடந்துபோகும் வெற்று நிலமாகவே அமைகிறது.

இப்பிரிப்பு வசதியானது, ஆயினும் வரலாற்றோடு பொருந்துவதன்று. ஒரு துறைமுகம் கப்பலால் மட்டும் துறைமுகம் ஆவதில்லை. கப்பலில் ஏற்றுவதற்குப் பொருள் எங்கிருந்து வந்தது, இறக்கிய பொருள் எங்குச் சென்றது என்னும் வினாக்களுக்கு விடை காணாதவரை அதன் வரலாறு பாதியாகவே நிற்கும். கோவில்பட்டியில் நின்று கடற்கரையைக் காண்பதே இக்கட்டுரை மேற்கொள்ளும் நோக்குநிலையாகும்.

நிலமும் பருவமும்

கரிசல் மண் நீரை உள்வாங்கி நெடுநாள் வைத்திருக்கும் தன்மையுடையது. மழைக்காலத்தில் காலைப் பற்றி இழுக்கும் பசையாகவும் கோடையில் ஆழமாக வெடித்த பாளங்களாகவும் அது மாறுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கப்படும் கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி, மிளகாய், பருத்தி ஆகியவை மழை நின்றபின் மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே விளைகின்றன. மாசி தொடங்கிச் சித்திரை வரை அறுவடைகள் முடிந்து நிலம் காய்கிறது.

இதே பருவச் சுழற்சியே கடலையும் ஆண்டது. முத்துச்சிப்பிகள் கடலடியில் ‘பார்’ எனப்படும் பாறைப் படுகைகளில் வாழ்வன. அலை அடங்கி நீர் தெளிந்திருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டியே ‘சலாபம்’ எனப்படும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரையான காலத்தையே முத்துக்குளிப்புக் காலமாகக் குறிப்பிடுகிறார். வானம் வறண்டு உழவனுக்கு வேலை ஓய்கின்ற காலமே முத்துக்குளிப்போருக்கு வேலை மிகுந்த காலமாக இருந்தது. வைப்பாற்றின் கதையும் இவ்வுறவைக் காட்டும். மேற்கு மலைத்தொடரில் தோன்றிச் சாத்தூர் வழியே கரிசலைக் கடந்துவரும் அந்த ஆறு, வைப்பாறு என்னும் பெயரையே கொண்ட கடற்கரை ஊரின் அருகில் கடலில் கலக்கிறது.

உப்பு வழி: உமணரும் கொற்கையும்

கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையிலான தொடர்பைக் காட்டும் பழைய இலக்கியச் சான்றுகளுள் சிறுபாணாற்றுப்படைக் காட்சியொன்று குறிப்பிடத்தக்கது. உமணரின் வண்டி வரிசையோடு வந்த மந்தி, கிளிஞ்சலின் வயிற்றில் முத்தை அடக்கி, உமணப் பெண்டிர் பெற்ற புதல்வரோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. கொற்கையை ஆளும் பாண்டியனைச் சிறப்பிக்கும் இடத்தில் இக்காட்சி அமைகிறது. முத்து இங்குக் குழந்தையின் விளையாட்டுப் பொருளாகிறது. இதனைக் கொற்கையின் வளத்தைக் கூறும் உயர்வு நவிற்சியாக மட்டும் கொள்ளுதல் போதாது. காட்சியின் மையத்தில் நிற்போர் பரதவரல்லர். உப்பைக் கடற்கரையிலிருந்து உள்நாட்டிற்கு ஏற்றிச்செல்லும் உமணர். கொற்கையைப் பாடும் புலவரின் கண் படகை விடுத்து வண்டியின்மீது பதிந்துள்ளது.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே பயணிக்கு வழிகாட்டும் அமைப்புடையது. ஓர் ஊரைச் சென்றடைவதற்கு முன் இடையிலுள்ள நிலங்களையும் அங்கு வாழும் மக்களையும் அவர்தம் உணவையும் அது விரித்துரைக்கிறது. சேருமிடத்தை மட்டும் காட்டி இடைவழியை விட்டுவிடும் இன்றைய கையேட்டு மரபுக்கு இது நேர்மாறானது.

உமணர் மறைந்தபின்னும் உப்பு வழி மறையவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தென்பகுதித் தேரி நிலங்களிலிருந்து வடக்கே சென்ற நாடார் வணிகர்கள் உப்பு, கருவாடு, கருப்பட்டி ஆகியவற்றை மாட்டுவண்டிகளில் ஏற்றிக் கரிசல் ஊர்களுக்குக் கொண்டுசென்றனர். வண்டியும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்குவதற்குச் சுவர் எழுப்பிய ‘பேட்டை’களை அமைத்தனர், ‘மகமை’ என்னும் பொதுநிதியால் அவற்றைப் பேணினர். சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களின் வணிக வளர்ச்சிக்கு இப்பேட்டைகள் அடித்தளமாயின. கரிசல் நகரங்களின் தோற்றத்திலேயே கடற்கரைச் சரக்குக்குப் பங்குண்டு என்பதை இவ்வரலாறு தெளிவுபடுத்துகிறது.

இடம்பெயர்ந்த துறைமுகங்கள்

இப்பகுதியில் பழைய துறைமுகத்தைத் தேடிவரும் பயணி முதலில் வியப்படைவது கொற்கையில்தான். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற்பயணம்’ என்னும் கிரேக்க நூல் ‘கொல்கொய்’ என்று குறிப்பிட்டு, அங்குத் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடைபெற்றதாகக் கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் அப்பெயரைச் சுட்டுகிறார். ஆனால் இன்றைய கொற்கை கடலிலிருந்து சில கி.மீ. உள்ளே, தாமிரபரணிப் பாசனத்து வயல்கள் சூழ்ந்த சிற்றூர். கடலோசை அங்குக் கேட்பதில்லை. 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கறுப்பு–சிவப்பு மட்கலன்களும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. அவ்வகழாய்வில் பெறப்பட்ட கரிமக் காலக்கணிப்பு கி.மு. 785 எனப் பொதுவாக எடுத்தாளப்படுகிறது.

துறைமுகம் வயலாக மாறியதற்கான விளக்கத்தை இராபர்ட் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் முன்வைத்தார். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை கிழக்கே நகர்ந்தது. கொற்கை கடலை இழந்தது. அதன் இடத்தைக் காயல் பெற்றது. காயலும் அவ்வாறே தூர்ந்தபின் தூத்துக்குடி எழுந்தது. மார்க்கோ போலோ கண்ட ‘கயில்’ பழையகாயலே என்பது கால்டுவெல்லின் துணிபு. காயல்பட்டினத்தை அதனோடு இணைத்துப் பேசும் கருத்தும் உண்டு. பழையகாயல், காயல்பட்டினம், புன்னைக்காயல் என்று ‘காயல்’ என்னும் பெயர் மூன்று ஊர்களில் நிற்பதே கரையின் நிலையாமையைக் காட்டும் சான்றாகக் கொள்ளத்தக்கது.

இவ்விளக்கத்தில் உள்நாட்டின் பங்கு வெளிப்படையானது. துறைமுகத்தை மூடியது கடலன்று, ஆறு. ஆற்றில் வந்தது உள்நாட்டு மண். அதே வண்டலே நெல்லையும் வாழையையும் விளைவித்துக் கரையோர ஊர்களுக்கு உணவளித்தது. துறைமுகத்தைத் திறந்துவைத்த தேவையும் உள்நாட்டினுடையதே. மார்க்கோ போலோ காயலில் கண்ட மேற்கத்தியக் கப்பல்கள் ஓர்முசு, கிஷ், ஏதன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளைக் கொண்டுவந்தன. அக்குதிரைகள் கடற்கரையில் நிற்பதற்காக வரவில்லை. பாண்டியரின் படைக்காக உள்நாடு சென்றன.

ஏழு ஊர்களும் எழுத்தும்

வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்னும் ஏழும் பரதவரின் தலைமை ஊர்களாகக் கருதப்பட்டன. 1530களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். மணப்பாட்டில் கடலோரக் குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயமும் அதனருகில் அவர் தங்கியதாகக் கூறப்படும் குகையும், தூத்துக்குடியில் 1713ஆம் ஆண்டைச் சேர்ந்த பனிமய மாதா பேராலயமும் இன்று பயணிகள் மிகுதியாகக் காணும் இடங்களாகும். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியது. அவர்கள் இங்கு நாடிய பொருள் முத்தும் சங்கும் மட்டுமன்று. உள்நாட்டுத் தறிகளில் நெய்த பருத்தித் துணியும் அவற்றுள் அடங்கும்.

தமிழியலாளர்க்கு இக்கரை மேலும் ஒரு காரணத்தால் முதன்மை பெறுகிறது. அண்டிரிக் அடிகளார் இவ்வூர்களில் பல்லாண்டு பணியாற்றித் தமிழ் கற்றார். அவர் தமிழில் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அம்முயற்சிக்குப் பரதவர் பொருளுதவி செய்தனர். இந்திய மொழிகளின் அச்சு வரலாற்றில் தொடக்க நிலையில் நிற்கும் அந்நூலின் பின்னே ஒரு மீனவச் சமூகத்தின் முதலீடு இருந்தது என்பது, கடற்கரையைக் காட்சிப் பொருளாக மட்டும் காணும் பார்வை தவறவிடும் செய்தியாகும்.

புலமை வழி: எட்டயபுரம்

கடற்கரைச் செல்வமும் கரிசல் அரசவையும் சந்தித்த இடம் எட்டயபுரம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் எட்டயபுர அவையோடு தொடர்புடையவர். அவருடைய அடக்கத்தலமும் அங்கேயே உள்ளது. அந்நூல் உருவாக ஊக்கமளித்தவராகப் போற்றப்படும் சீதக்காதியோ கீழக்கரையின் கடல்வணிகர். கடல்வழிச் செல்வமும் கரிசல் பாளையத்தின் புலமை மரபும் இணையாதிருந்தால் இக்காப்பியத்தின் வரலாறு வேறாக அமைந்திருக்கும். காவிரிக்கரையிலிருந்து வந்த முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் இவ்வூரிலேதான். வறண்ட நிலம் புலமைக்கும் வறண்டதாக இருக்கவில்லை.

பருத்தி வழி: கோவில்பட்டி முதல் தூத்துக்குடி வரை

19ஆம் நூற்றாண்டில் கரிசலுக்கும் கடற்கரைக்கும் உள்ள உறவைப் பருத்தி புதிதாக எழுதியது. முத்துப் பார்களின் விளைச்சல் நிலையற்றது. சில ஆண்டுகளில் சலாபமே நடைபெறுவதில்லை. பருத்தியோ ஆண்டுதோறும் வந்தது. 1861–65 காலத்து அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காத நிலை ஏற்பட்டபோது, இந்தியப் பருத்தியின் விலை பெரிதும் உயர்ந்தது. கரிசல் சீமையின் பஞ்சு வண்டிகள் தூத்துக்குடியை நோக்கிச் சென்றன. அங்குப் பஞ்சு அழுத்தப்பட்டுப் பொதிகளாகிக் கப்பலேறியது. கரையருகே ஆழம் குறைவாதலால் பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. தோணிகளே பொதிகளைக் கொண்டுசென்றன. உழவரும் வண்டிக்காரரும் தொடங்கிய வேலையைத் தோணிக்காரர் முடித்துவைத்தனர்.

1876இல் மதுரையிலிருந்து கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடி வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை தொடர்வண்டியிலும் அதன்பின் கப்பலிலும் பயணம் செய்தனர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு அப்போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறும்வரை, கரிசல் வழியே இலங்கைக்கான முதன்மைப் பெருவழியாக விளங்கியது. கோவில்பட்டி, இருப்புப்பாதையும் பஞ்சும் வளர்த்த நகரம். 1901இல் அங்கு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. மானாவாரிப் பருத்தி அதன் முதன்மை ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாயிற்று.

இப்பொருளியல் மாற்றம் தமிழின் இரு பெரும் ஆளுமைகளின் வாழ்விலும் பதிந்துள்ளது. சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் தொடங்கிய பருத்தி ஆலை முயற்சி தோல்வியுற்றுக் குடும்பம் வறுமையுற்றது. அவருடைய மகன் பாரதி தந்தையின் அவ்வறுமையைத் தம் தன்வரலாற்றுப் பாடலான ‘கனவு’ என்பதில் பதிவு செய்துள்ளார். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்கு அவர் துணைநின்றார்; அதே ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் கைது செய்யப்பட்டார். ‘கப்பலோட்டிய தமிழன்’ கரிசல் நிலத்துப் பிள்ளை என்பதும், அவர் துணைநின்ற தொழிலாளர்கள் பஞ்சை நூலாக்கியவர்கள் என்பதும் இணைத்து நோக்கத்தக்கவை. நிலத்தில் நேர்ந்த பொருளியல் இழப்புக்குக் கடலில் விடை காண முயன்ற வரலாறாகச் சுதேசிக் கப்பல் முயற்சியை வாசிக்க இடமுண்டு.

இலக்கியத்தில் இரு நிலங்கள்

இடைசெவலைச் சேர்ந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் கரிசல் மக்களின் வாழ்வையும் வழக்கையும் தமிழ்ப் புனைகதைக்குள் நிலைநிறுத்தினர். கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ 1976இலும் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இலும் வெளிவந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் பழைய திருநெல்வேலிச் சீமையின் இரு முனைகளிலிருந்து எழுந்த இவ்விரு புதினங்களும் இணைத்து வாசிக்கப்படுவது அரிது. ஒன்று ‘கரிசல் இலக்கியம்’ என்னும் பகுப்பிலும் மற்றொன்று ‘நெய்தல் இலக்கியம்’ என்னும் பகுப்பிலும் வைக்கப்படுகின்றன. பூமணி, சோ. தர்மன் ஆகியோர் ஒருபுறமும் ஜோ டி குரூஸ் மறுபுறமும் இப்பகுப்பை மேலும் உறுதிப்படுத்துவோராகக் கொள்ளப்படுகின்றனர்.

வட்டாரப் பகுப்பு ஆய்வுக்குப் பயன் தருவதே. வழக்குச் சொற்களையும் வாழ்க்கைமுறையையும் அது நுட்பமாகக் காண உதவுகிறது. ஆனால் அது நிலங்களுக்கிடையே வேலி எழுப்பும்போது, வேலியைக் கடந்து சென்ற வண்டியும் வணிகனும் கூலியாளும் கண்ணில் படாமற்போகின்றனர். தொல்காப்பியரே திணைமயக்கத்திற்கு இடம் தந்துள்ளார். ஜோ டி குரூசின் ‘கொற்கை’ (2009) தூத்துக்குடியின் தோணி, கப்பல் வணிகத்தைக் களமாகக் கொண்டு பரதவரையும் உள்நாட்டிலிருந்து வந்த வணிகரையும் ஒரே கதைப்பரப்பில் நிறுத்துகிறது. அதனை நெய்தல் புதினம் என்று மட்டும் அடக்குவது அதன் பரப்பைக் குறுக்குவதாகும். துறைமுகப் புதினம் ஒன்றை உள்நாட்டோடு சேர்த்தும், கரிசல் புதினம் ஒன்றை அதன் சந்தை வழிகளோடு சேர்த்தும் வாசிக்கும் முறை உருவாக வேண்டும்.

ஒரு வழித்தடம்

மேற்கூறியவற்றின் அடிப்படையில், இப்பகுதியைக் காணவிரும்புவோர்க்கும் மாணவர் களப்பயணத்திற்கும் ஏற்றதாக ஒரு வழித்தடத்தைப் பரிந்துரைக்கலாம். அது கடற்கரையில் தொடங்காது கோவில்பட்டியில் தொடங்கும். அங்கிருந்து எட்டயபுரம் சென்று பாரதி மணிமண்டபத்தையும் உமறுப் புலவர் அடக்கத்தலத்தையும் தீட்சிதர் நினைவிடத்தையும் காணலாம். பின்னர் ஒட்டப்பிடாரம், அதனையடுத்த பாஞ்சாலங்குறிச்சி ஆகியவற்றைக் கடந்து தூத்துக்குடியை அடையும்போது, கருமண் மறைந்து உப்பளங்களின் வெண்பரப்பு தொடங்குகிறது. தூத்துக்குடிக்குத் தெற்கே பழையகாயலும் கொற்கையும் ஆற்றுவண்டல் நிலத்தில் உள்ளன. புன்னைக்காயலில் தாமிரபரணி கடலைச் சேர்கிறது. காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர் ஆகியவற்றைக் கடந்தபின் பனைமரங்கள் நிற்கும் செம்மணல் தேரிகளை ஒட்டிக் குலசேகரன்பட்டினமும் மணப்பாடும் வருகின்றன.

கருமண், வெண்ணுப்பு, பசுவயல், செம்மணல் என ஒரு பகற்பொழுதுப் பயணத்திற்குள் மாறும் இந்நிலங்களின் வரிசையே இப்பகுதியின் வரலாற்றுக்கு முன்னுரையாக அமைகிறது. பயணத்திற்கு மழைக்காலம் ஓய்ந்த தை, மாசி மாதங்கள் உகந்தவை. அப்பொழுது கரிசலில் பயிர் நிற்கும். வெயிலும் கடுமையாக இராது. கோடையில் வருவோர் வெடித்த நிலத்தைக் கண்டு அதனைப் பாழென்று எண்ணுதல் கூடும். அது அடுத்த மழைக்குக் காத்திருக்கும் விளைநிலம் என்பதை வழிகாட்டுவோர் எடுத்துரைத்தல் வேண்டும்.

முடிவுரை

முத்துக்குளித்துறையின் பழம்பெரும் ஊர்கள் கடலுக்கும் உள்நாட்டுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் உருவானவை. உமணரின் உப்பு, பாண்டியரின் குதிரை, புலவரின் காப்பியம், கரிசல் உழவரின் பஞ்சு ஆகியவை அவ்வழிகளில் சென்றும் வந்தும் இருந்தன. இந்தியக் கரையில் 1961க்குப் பின் பெருஞ்சலாபம் நடைபெறவில்லை. முத்து ஓய்ந்தபின்னும் தூத்துக்குடி ஓயவில்லை. 1974இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடல் தந்த பொருள் அற்றுப்போனபோதும் நகரம் நிலைத்ததற்கு, அதன் பின்னிருந்த நிலமும் ஒரு முதன்மைக் காரணமாகும்.

எனவே, கடற்கரை ஊர்களின் மரபைப் பேணும் முயற்சிகள் கோபுரத்தையும் தேவாலயத்தையும் மணற்கரையையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடலாகாது. வண்டிப்பாதைகள், பேட்டைகள், பஞ்சுக் கிடங்குகள், தோணித்துறைகள் ஆகியனவும் பதிவு செய்யப்பட வேண்டும். இவற்றுள் பல வழிபாட்டிடங்களைப் போலப் பேணுவார் உடையனவல்ல. ஆதலின் இவையே முதலில் அழியக்கூடியவை. வண்டியோட்டியவர், பொதி சுமந்தவர், தோணி வலித்தவர் ஆகியோரின் வாய்மொழி வழக்காறுகளைக் கரிசலிலும் கரையிலும் ஒருசேரத் திரட்டுவது, இத்துறையில் இனி மேற்கொள்ளப்பட வேண்டிய முதற்பணியாகும்.